எவ்வளவு சுமை தாங்கும்

ஞானசிகாமணி விமானப் பொறியியல் படித்த சென்னைக் கல்லூரியில் ஒரு விண்ட் டனல் இருந்தது. லாரி நீளத்துக்கு ஒரு மரக்குழாய். ஒரு முனையில் ஆள் உயர விசிறி, நடுவில் கண்ணாடி ஜன்னல். சின்னதாக ஓர் இறக்கையைச் செய்து உள்ளே மாட்டி விசிறியைப் போட்டால், அது எவ்வளவு எடையைத் தூக்குகிறது, எந்தக் கோணத்தில் இனி முடியாது என்று கைவிடுகிறது என்பதை அளந்துவிடலாம். கடைசி வருஷத்து மாணவர்கள் அதற்கு முறை போட்டுக் காத்திருப்பார்கள். அவனுடைய முறை மார்ச் மாதம் வந்தது. அந்த மார்ச்சில்தான் கம்பத்திலிருந்து தந்தி வந்தது. பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்த அவன் மனைவி கிருபாவதி, ஏழாம் மாதத்தில் ஜன்னி கண்டு, வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோனாள். அவன் ரயிலும் பஸ்ஸும் மாறிப் போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்து, கல்லறைத் தோட்டத்து மண்கூட உலர்ந்திருந்தது.

திரும்பிக் கல்லூரிக்குப் போனான். விண்ட் டனலின் மோட்டார் எரிந்து பம்பாய்க்குப் போயிருந்தது.

"பேப்பர் ப்ராஜெக்டா மாத்திக்கோ," என்றார் பேராசிரியர். "கணக்குப் போட்டுக் காட்டினாப் போதும். உன் நிலைமை எங்களுக்கெல்லாம் தெரியும்."

அவர் கடைசியாகச் சொன்னது அவனுக்குப் பிடிக்கவில்லை.

"எங்க ஊர்ல காத்து இருக்கு சார்."

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவனைப் பார்த்தார். "அது பாட்டுக்கு ஏறும் இறங்கும். அதுல எப்படி அளப்பே?"

"ஆடியில ஒரே சீரா வீசும் சார். கணவாய்க் காத்து."

"சரி. செப்டம்பர்ல வைவா வச்சுக்கலாம். ஆனா ஒண்ணு. ஸ்டால் ஆகிற கோணம், றெக்கை கைவிடுற அந்த இடம், எனக்கு வேணும். உச்சி இல்லாம பாதி வளைகோட்டைக் கொண்டுவந்தா கையெழுத்துப் போட மாட்டேன். ஒரு வருஷம் போயிடும்."

அப்படித்தான் அவன் கூடலூருக்கு மேற்கே, மாமனாரின் மானாவாரிக் காட்டில் வந்து உட்கார்ந்தான். தேனியில் பஞ்சுக் கமிஷன் கடை வைத்திருந்த அவனுடைய அப்பா, படிப்பை விட்டுவிட்டுக் கடைக்கு வரச்சொல்லி ஆளனுப்பினார். அவன் போகவில்லை. ஒரு வருஷம் வீணாகும் என்பதற்காக இல்லை. காலையில் எழுந்திரு என்று அவனுக்குச் சொல்ல அந்த இறக்கையைத் தவிர வேறெதுவும் இருக்கவில்லை.

காடு என்றால் மரம் அடர்ந்த காடில்லை. மழையை நம்பிச் சோளம் போடுகிற மேட்டு நிலம். குமுளி மலையிலிருந்து இறங்குகிற மேற்குக் காற்று, ஊர்ப்பேச்சில் மேகாத்து, லோயர் கேம்ப் மின்நிலையத்தின் தண்ணீர்க் குழாய்களைத் தாண்டி நேராக அங்கே வந்துதான் மோதும். வெட்டவெளி. கிணறு வற்றியபின் சும்மா கிடந்த ஒரு மோட்டார் ரூம், அதற்குள் ஒரு கயிற்றுக் கட்டில், ஒரு ஸ்டவ். அவ்வளவுதான் வீடு.

மாமனார் அய்யாத்துரைக்குக் கம்பம் பஜாரில் இரும்புக்கடை. அவன் கேட்டதும் இரண்டு இரும்புக் குழாயும் இரண்டு ஸ்பிரிங் தராசும் எடுத்துக் கொடுத்தார். எதற்கென்று கேட்கவில்லை. மகளை அடக்கம் செய்த நாளிலிருந்து மாமனாரும் மருமகனும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. பேசினால் எங்கே போய் முடியும் என்று இருவருக்கும் தெரிந்திருந்தது.

இறக்கைக்குப் பால்சா மரம் வேண்டும் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. பால்சாவுக்கு அவன் எங்கே போவான். போடியில் இலவம்பஞ்சு உடைக்கிற களத்தில் இலவமரத் துண்டு வாங்கினான். தக்கை மாதிரி கனமே இல்லை. அதை மீன் வடிவத்தில் வரிசையாக அறுத்து விலாக்களாக்கி, தேக்குச் சட்டம் இரண்டில் கோத்து, மேலே மல் துணியை இழுத்து ஒட்டி, துணி விறைக்க வார்னிஷ் பூசினான். ஆள் நீளத்தில் ஓர் இறக்கை. குழாய் இரண்டையும் சிமெண்ட் போட்டு நட்டு, அவற்றில் மார்பு உயரத்தில் மரத்தாங்கிகளைப் பொருத்தி, இறக்கையை அவற்றின்மேல் குறுக்கே படுக்கவைத்தான். காற்று வீசும்போது இறக்கை தாங்கியைவிட்டு எழும்பப் பார்க்கும். கீழே கட்டியிருக்கும் தராசு அதை இழுத்துப் பிடித்து, எத்தனை கிலோ என்று சொல்லும். இறக்கையின் மேல்பக்கம் முழுக்கக் கையகல நூல்துண்டுகளை ஒட்டியிருந்தான். காற்று ஒட்டிப் போகும்வரை நூல்கள் படிந்து கிடக்கும். ஒட்டாமல் பிரிந்தால் எழுந்து ஆடும். அதுதான் ஸ்டால்.

மலையில் விறகு பொறுக்கிக் கூடலூருக்குத் தலைச்சுமையாகக் கொண்டுபோகிற பெண்களுக்கு அந்தக் காட்டு ஓரமாகத்தான் பாதை. இறக்கையைத் தூக்கி மாட்டிய அன்று மலைக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் நின்றார்கள்.

"ஏ மாப்ளே, என்னத்த இது? பந்தக்காலா?" என்றாள் மொக்கம்மாள். கூட்டத்தில் வாய்த்துடுக்கானவள். அய்யாத்துரை வீட்டு மாப்பிள்ளை என்றால் ஊருக்கே மாப்பிள்ளை, கேலி பேசலாம்.

"இல்ல."

"பெறகு? துணி காயப்போடவா? ஒத்த வேட்டிக்கு இம்புட்டு ஏற்பாடா?"

சிரித்தார்கள். மூத்தவளான சங்கிலியம்மாள் மட்டும் அவளை விலாவில் இடித்தாள். "வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கியாடி. பச்சப் புண்ணு." அப்புறம் அவனிடம், "தப்பா நெனைக்காதீக. தெரிஞ்சுக்கிடத்தான் கேக்குறா," என்றாள்.

விளக்கிச் சொல்லியிருக்கலாம். காற்று, கோணம், தூக்குவிசை என்று நிறையச் சொல்ல வேண்டியிருக்கும். மார்ச்சுக்கு அப்புறம் அவன் அத்தனை வார்த்தைகளைச் சேர்த்துப் பேசியதில்லை.

"எவ்வளவு சுமை தாங்கும்னு பாக்கணும்," என்றான்.

அவர்களுடைய சிரிப்பு நின்றது. சங்கிலியம்மாள் இரண்டு குழாய்களையும் பார்த்தாள், அவற்றின்மேல் குறுக்கே கிடந்ததைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நல்ல காரியம்யா," என்றாள். "மகராசனா இரு."

மொக்கம்மாள்கூடத் தலையைக் குனிந்துகொண்டு போனாள். அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. துக்க வீட்டுக்காரனிடம் எல்லாரும் ஏதாவது சொல்லிவிட்டுத்தான் போகிறார்கள்.

ஆடி போய்க்கொண்டிருந்தது. காலையில் காற்று முரண்டு பிடிக்கும். மதியத்துக்கு மேல் கணவாய் திறந்துவிட்ட மாதிரி சீராகும். ரப்பர் பந்துகளை இரண்டாக வெட்டிச் செய்த காற்றுமானி குச்சியின் உச்சியில் சுழன்றுகொண்டே இருக்கும். அவன் இறக்கையின் கோணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, அந்தந்தக் கோணத்துக்கான துளையில் ஆணியைச் செருகி, தராசைப் படித்து எழுதுவான். கோணம் ஏற ஏறத் தூக்குவிசையும் ஏறியது. வரைபடத் தாளில் புள்ளிகள் ஒரே கோட்டில் நிமிர்ந்து போயின. உச்சி மட்டும் வரவில்லை. கோணம் பெரிதானால் கொஞ்சம் காற்று குறைந்தாலும் நூல்கள் குழம்பின. ஸ்டாலா, காற்றின் விளையாட்டா என்று சொல்ல முடியவில்லை. நல்ல பலமான காற்று, கொஞ்ச நேரம் நின்று வீசினால் போதும். வரவில்லை. ஆவணி பாதிக்கு மேல் மேகாத்தை நம்ப முடியாது.

பேச்சுக்கு ஆளில்லை. சில நாள் இறக்கையிடம் பேசுவான். பெரும்பாலும் "இரு", "இப்ப", "சரி" என்கிற மாதிரி.

கிருபாவதிக்கு ஸ்டால் என்றால் தெரியும். கல்யாணமான முதல் விடுமுறையில் தேனியிலிருந்து கம்பத்துக்குப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தபோது அவன் சொல்லிக்கொடுத்தான். "ஸ்டாலா? டீ ஸ்டாலா?" என்று கேட்டு, அவன் முறைத்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வார்த்தையில் புரியாது என்று, உள்ளங்கையைத் தட்டையாக்கி ஜன்னலுக்கு வெளியே நீட்டச் சொன்னான். நீட்டினாள். கையின் முன்பக்கத்தைக் கொஞ்சம் நிமிர்த்தச் சொன்னான். கை தானாக மேலே எழுந்தது. "ஆத்தாடி, தூக்குது!" என்றாள். இன்னும் நிமிர்த்து, இன்னும். சட்டென்று கை துவண்டு கீழே விழுந்தது. "விட்டுருச்சு!" என்று அவள் கத்தியதில் பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. "கைய உள்ள எடும்மா, எதுக்க லாரி வருது," என்று கண்டக்டர் அதட்டினார். சின்னமனூர் போகும்வரை அவள் அடக்கிக்கொண்டு சிரித்தாள்.

அதை நினைத்தால் அழுகை வரும் என்று அவன் எதிர்பார்த்தான். வரவில்லை. தராசைப் படித்து எழுதினான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் கம்பம் போவான். மாமனார் வீட்டாரோடு ஆராதனை, மதியச் சாப்பாடு, பிறகு திரும்பிவிடுவான். ஆடிக் கடைசி ஞாயிறு அப்படிப் போய்விட்டுக் காட்டுக்குத் திரும்பியபோது, இறக்கையின் நடுவில் ஒரு விறகுக்கட்டு இருந்தது.

ஓடினான். விறகுக்கட்டின் கீழே, குழாயின் நிழலில் சங்கிலியம்மாள் காலை நீட்டி உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள். இரண்டு குழாயிலும் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்தது. இறக்கையின் முன்விளிம்பிலும் ஒரு தீற்று மஞ்சள். ஒரு முழம் கதம்பம் குறுக்கே கிடந்தது.

"வாங்கய்யா," என்றாள். "நான்தான் மொதல்ல வச்சேன். மொக்கம்மா தான்தான் வைப்பேன்னா. நான் பெரியவளா அவ பெரியவளா?"

அவன் குனிந்து பார்த்தான். விறகுக்கட்டின் கீழே துணி கிழிந்து, இரண்டு விலாக்கள் நசுங்கியிருந்தன. நூல்கள் விறகுப் பட்டையோடு ஒட்டிக்கொண்டிருந்தன.

"இத எதுக்கு இங்கன..." என்று ஆரம்பித்தான்.

"பெறகு சுமைதாங்கியில சுமைய வைக்காம?" என்றாள் அவள். "நீங்க சொன்னதுலருந்து எங்களுக்கு இதே பேச்சு. சபைக்காரக இதெல்லாம் செய்ய மாட்டாகளே, அந்தப் பிள்ளைக்கு ஒரு கல்லு நட ஆளில்லாமப் போச்சேன்னு நாங்க மனசுக்குள்ள வச்சிருந்தோம். வயித்துச் சுமையோட போனவ. எறக்கி வைக்க அவளுக்கு ஏது எடம்? இன்னைக்கு நான் எறக்கி வச்சேன்ல, அவளுக்கும் செத்த எறங்கிருக்கும்." வெற்றிலையைத் துப்பினாள். "என்ன ஒண்ணு, கல்லுல வைக்காம துணியில வச்சிருக்கீக. படிச்சவுக, ஏதாவது புதுசாத்தான் செய்வீகன்னு விட்டோம்."

அப்போதுதான் அவன் தன் இறக்கையை அவர்கள் கண்ணால் பார்த்தான். தேனியிலிருந்து குமுளி வரைக்கும் ரோட்டோரம் எத்தனை பார்த்திருப்பான். நட்டுவைத்த இரண்டு கல், குறுக்கே ஒரு பலகைக்கல், மார்பு உயரம். வயிற்றுப் பிள்ளையோடு இறந்தவளுக்காக வைப்பது. வழிப்போக்கர் யாரும் யார் கையையும் எதிர்பார்க்காமல் தலைச்சுமையை அதில் தள்ளிவைத்து இளைப்பாறலாம், திரும்ப ஏற்றிக்கொள்ளலாம். அவனே நட்டிருக்கிறான், அளவு பிசகாமல். பேரையும் அவன் வாயாலேயே சொல்லியிருக்கிறான்.

இது அதில்லை அம்மா, இது பரீட்சைச் சாமான் என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். அவள் கைப்பட்ட மஞ்சள் குழாயில் இன்னும் ஈரமாக இருந்தது.

"வெயில்ல வந்தீக. தண்ணி குடிக்கிறீகளா?" என்றான்.

குடித்தாள். பிறகு கட்டுக்குக் கீழே தலையைக் கொடுத்து, ஒரு முனகலோடு நிமிர்ந்து, சுமையை ஏற்றிக்கொண்டு போனாள். இறக்கை லேசாக ஆடி நின்றது. அவன் சட்டங்களைத் தட்டிப் பார்த்தான். தேக்கு விரிசல் விடவில்லை. எட்டுக் கிலோ தாங்கும் என்று கணக்குப் போட்டுச் செய்தது. அவ்வளவு பெரிய கட்டைத் தாங்கியிருந்தது.

மறுநாள் இலவமரத்தில் புதிய விலா அறுத்தான். நசுங்கியதை எடுத்துவிட்டுப் பொருத்தி, துணி ஒட்டி, வார்னிஷ் பூசினான். மாலையில் பெண்கள் சுமையோடு வந்து வரிசையாக நின்றார்கள்.

"கொஞ்ச நாளைக்கு வைக்காதீக," என்றான். "ஈரமா இருக்கு."

அது பொய்யில்லை. வார்னிஷ் ஈரம்தான்.

"அதானே, காயட்டும்," என்றாள் மொக்கம்மாள், பூச்சு வேலையெல்லாம் தெரிந்தவள் போல. "பச்ச ஈரத்துல வச்சது சங்கிலியக்காதான். கேளுங்க நல்லா. பெரியவளாம் பெரியவ."

"போடி."

சுமையோடு நடக்கத் தொடங்கினார்கள். மலையடியிலிருந்து கூடலூர் வரை அந்தப் பாதையில் இறக்கி வைக்க ஓர் இடமும் இல்லை என்பது அவர்கள் முதுகைப் பார்த்தபோது அவனுக்குத் தெரிந்தது. அத்தனை நாள் தராசையே பார்த்துக்கொண்டிருந்ததில் கண்ணில் படவில்லை. "நில்லுங்க," என்று ஓடினான். கட்டுகளை ஒவ்வொன்றாக அவனே கைகொடுத்து இறக்கினான். அவர்கள் உட்கார்ந்து கழுத்தைத் தேய்த்துவிட்டுக்கொண்டார்கள். பிறகு ஒவ்வொன்றாகத் தூக்கி ஏற்றிவிட்டான். தோள்பட்டை வலித்தது.

"சென்னைப் படிப்புக்கு இம்புட்டுத் தெம்பா?" என்றாள் மொக்கம்மாள். "மாப்ளே, நாளைக்கும் நில்லுங்க."

நின்றான். அதற்கு மறுநாளும் நின்றான். ஆவணி பிறந்தது. காற்று இரண்டு நாள் படுத்தே கிடந்தது. இறக்கை காய்ந்து விறைத்துவிட்டது, நூல்களைத் திரும்ப ஒட்டிவிட்டான், வளைகோட்டின் உச்சி மட்டும் தாளில் காலியாக இருந்தது. பெண்கள் கேட்காமலே தள்ளி நின்றார்கள். காய்ந்துவிட்டது என்று இவன் சொல்ல வேண்டுமே.

அந்த வாரத்தில் ஒரு நாள் மதியம் குமுளி பஸ் நின்று, மாமியார் சாராள் இறங்கி வந்தாள். ஒரு கையில் தூக்குவாளி, ஒரு கையில் துணிப்பை. கிருபாவதிக்கு அவள் சாயல். அதனாலேயே அவன் ஞாயிற்றுக்கிழமைகளில் தட்டைப் பார்த்தே சாப்பிடுவான்.

"வாங்கத்தை. மாமா வரலையா?"

"கடையில இருக்காக." சாராள் நேராக இறக்கையிடம் போய் நின்றாள். மஞ்சளையும் குங்குமத்தையும் பார்த்தாள். காய்ந்த கதம்பத்தை விரலால் தொட்டாள். "கடைக்கு வந்த கூடலூர்க்காரர் ஒருத்தரு சொல்லிருக்காரு. உங்க மருமகன் மகளுக்குச் சுமைதாங்கி வச்சிருக்காராமேன்னு. இவுக ஒண்ணும் சொல்லல. வீட்டுக்கு வந்து, நீ போய்ப் பாத்துட்டு வான்னாக. சோறு எறங்கல அவுகளுக்கு."

அவன் வெயிலைப் பார்த்துக்கொண்டு நின்றான். இவளிடம் பொய் சொல்ல முடியாது. "அத்தை, இது வந்து..."

"தெரியும் மாப்பிள்ளை," என்றாள் சாராள். "ரெக்கை. உங்க பரீட்சைக்கு. கிருபா படம் போட்டுக் காட்டிருக்கா. மாவு பெசையிற பலகையில கோடு போட்டு, இப்பிடிக் காத்து வரும், இப்பிடித் தூக்கும்னு. தோசைக்கல்லு கருகிப்போச்சு அன்னைக்கு." விரலில் ஒட்டிய காய்ந்த இதழைத் தட்டிவிட்டாள். "ஊரு சொல்றது கேக்க நல்லாருந்துச்சு. அதான் வந்தேன்."

பிறகு துணிப்பையை இறக்கையின்மேல் வைத்தாள், மெதுவாக, தூங்குகிற பிள்ளையைக் கிடத்துவதுபோல. உள்ளே இரண்டு தேங்காயும் அவனுக்குத் துவைத்த வேட்டியும்தான். கையை எடுத்துவிட்டுச் சும்மா நின்றாள்.

அப்போது காற்றுமானியின் சத்தம் மாறியது. கிறுகிறுவென்று ஏறி, ஏறிய இடத்திலேயே நின்றது. மேற்கே மலை மேகத்தில் மறைந்திருந்தது. வேட்டியைக் காலோடு சுற்றியடித்தது காற்று. அவன் திரும்பிப் பார்த்தான், பையைப் பார்த்தான். சாராளே பையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"பாருங்க மாப்பிள்ளை. நிக்குறேன் நான்."

ஆணியைப் பிடுங்கி மேல் துளையில் செருகினான். தராசைப் படித்தான். இன்னொரு துளை. தராசு முள் இன்னும் ஏறியது. நூல்கள் அத்தனையும் வாரிவிட்ட தலைமுடி மாதிரி படிந்து கிடந்தன. இன்னொன்று. பின்விளிம்பில் இரண்டு மூன்று நூல் தலைதூக்கியது. கையைக் குழாயோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு அடுத்த துளைக்கு ஏற்றினான்.

மொத்த நூலும் ஒரே அடியாக எழுந்தது. எழுந்து, திரும்பி, காற்று வருகிற பக்கமே அடித்துக்கொண்டு ஆடியது. தராசு முள் சரிந்து கீழே வந்தது. இறக்கை தடதடவென்று தாங்கியில் விழுந்து உட்கார்ந்தது.

"விட்டுருச்சா?" என்றாள் சாராள், பின்னாலிருந்து.

"விட்டுருச்சு அத்தை."

அவன் தராசையே பார்த்துக்கொண்டிருந்தான். எழுத வேண்டும். பென்சில் சட்டைப் பையில் இருந்தது. எடுக்கக் கை போகவில்லை. சாராள் அவன் பக்கத்தில் வரவில்லை, தொடவில்லை. தூக்குவாளியைத் திறந்து சோற்றைப் போட்டு, காற்றுக்கு முதுகைக் கொடுத்து மறைத்து உட்கார்ந்துகொண்டு, "மணல் விழுகும். சுருக்கா வாங்க," என்றாள்.

காற்று இருக்கும்போதே இன்னும் இரண்டு முறை அளந்து சரிபார்த்தான். அதே கோணம். அதற்குப் பிறகு சாப்பிட்டான்.

"இத எப்பக் கழட்டுவீக?" என்று சாராள் கேட்டாள்.

"சென்னைக்குக் கொண்டுபோகணும். எக்ஸாமினர் பாக்கணும்."

அவள் தலையை ஆட்டினாள். பாதையில் பெண்கள் வருகிற சத்தம் கேட்டது. சங்கிலியம்மாள் தூரத்திலிருந்தே, "காஞ்சிருச்சாய்யா?" என்று கத்தினாள். அவன் எழுந்து போய்க் கட்டுகளை இறக்கினான்.

"கூடலூர்ல கல்லு வெட்டுற ஆளு யாரு இருக்காக?" என்று அவளிடம் கேட்டான்.

சங்கிலியம்மாள் சாராளைப் பார்த்தாள். சாராள் பார்வையை விலக்கவில்லை. "எங்க வீட்டுல இவுக சபைக் கமிட்டி மெம்பரு," என்றாள் யாரிடமோ சொல்வதுபோல. "நான் சொல்லிக்கிடுறேன்."

கல் மாட்டுவண்டியில் வந்தது. கூடவே மாமனாரும் வந்தார். கடையிலிருந்து கடப்பாரையும் இரண்டு மூட்டை சிமெண்டும் கொண்டுவந்திருந்தார். இறக்கையைக் கழற்றி மோட்டார் ரூமுக்குள் வைத்தார்கள். குழாய்களைச் சுற்றிக் கல்தூண் எழுப்பி, வண்டிக்காரனும் மாமனாரும் அவனும் சேர்ந்து பலகைக்கல்லைத் தூக்கிவைத்தார்கள். இறக்கையின் கோணத்தைப் பார்க்க வைத்திருந்த கோணத்தகட்டை அவன் கல்லின்மேல் வைத்துப் பார்த்தான். முள் பூஜ்யத்தில் நின்றது.

"சரியா இருக்கா?"

"இருக்கு மாமா."

"பேரு வெட்டச் சொல்லவா?"

"சபையில கேப்பாகளே."

அய்யாத்துரை கையிலிருந்த சிமெண்டைத் தட்டினார். "கேட்டாக் கேக்கட்டும்," என்றார். மார்ச்சுக்குப் பிறகு இருவரும் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான். வண்டியில் ஏறி உட்கார்ந்தபின் அவர் ஒரு முறை திரும்பிப் பார்த்தார். கல்லைத்தான் பார்த்தார்.

பெண்கள் அங்கே சுமை இறக்குவதை அவன் பார்க்கவில்லை. சிமெண்ட் இறுக வேண்டும் என்று அவனே சொல்லியிருந்தான். அதற்குள் சென்னை பஸ்ஸின்மேல் இறக்கையைக் கட்டிவிட்டு ஏறிவிட்டான்.

வைவாவுக்கு வெளியூரிலிருந்து ஓர் எக்ஸாமினர் வந்திருந்தார். வளைகோட்டைப் பார்த்தார். உச்சியில் விரலை வைத்து, "இயற்கைக் காத்துல எடுத்ததா?" என்று இரண்டு முறை கேட்டார். பேராசிரியர் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்து வைத்திருந்தார். எக்ஸாமினர் எழுந்து வந்து மேஜைமேல் இருந்த இறக்கையைத் தடவினார். நடுவில் நின்றார்.

"இங்க ஒட்டுப் போட்டிருக்கு?"

"லோடு டெஸ்ட்ல உடைஞ்சது சார்."

"ரிப்போர்ட்ல லோடு டெஸ்ட் இல்லையே."

"இல்ல சார்."

"என்ன லோடு வச்சே? மணல் மூட்டையா?"

"விறகு சார். ஒரு கட்டு."

"எவ்வளவு எடை?"

"எடை போடல சார்."

எக்ஸாமினருக்குச் சிரிப்பு வந்தது. "எடை போடாம லோடு டெஸ்ட்." முன்விளிம்பில் இருந்த மஞ்சள் தீற்றை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். போகவில்லை. "இது என்ன பெயிண்ட்?"

பேராசிரியர் குறுக்கிட்டு, "ஸ்டோர்ல கொண்டுபோய் வச்சிடுப்பா. பாஸ்," என்றார்.

இறக்கையைத் தலைமேல் வைத்துக்கொண்டு வராந்தாவில் நடந்தான். கனமே இல்லை. விடுமுறை நாள் மாதிரி கட்டடம் வெறிச்சென்று கிடந்தது. ஸ்டோர் ரூம் பூட்டியிருந்தது. அட்டெண்டர் டீ குடிக்கப் போயிருக்கிறார் என்று எதிர் அறையிலிருந்து யாரோ சொன்னார்கள்.

சுவரில் சாய்த்து வைத்திருக்கலாம். அட்டெண்டர் வரும்வரை அப்படியே தலையில் வைத்துக்கொண்டு நின்றான்.